பேச்சும் மருந்தாகுமா?

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுள் சிலர்க்கு இக்கேள்வி நகைப்பை விளைவிக்கலாம். காய்ச்சலுக்குக் கஷாயம் உண்டு. எலும்பு முறிந்தால் கட்டு உண்டு. மனம் நொந்தவரை ஒரு நாற்காலியில் அமர்த்தி, எதிரே ஒருவர் அமர்ந்து, முக்கால் மணி நேரம் பேசவிட்டு, அதற்குக் கட்டணமும் வாங்கிக்கொள்வதை வைத்தியம் என்று எங்ஙனம் ஏற்பது? "பேசினால் கடன் தீருமா? போன உயிர் திரும்புமா?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. விடை காணப் புகுமுன், நாம் பேச எடுத்துக்கொண்டது யாதென்பதை வரையறுத்துக்கொள்வோம். திக்குவாய்க்கும் பேச்சிழப்புக்கும் அளிக்கப்படும் பயிற்சி வேறு. அதனை நாம் இங்கே குறிக்கவில்லை. ஓயாத அச்சம், மனச்சோர்வு, ஆறாத துக்கம் முதலியவற்றுக்கு, அதற்கெனப் பயின்ற ஒருவர் உரையாடலையே கருவியாகக் கொண்டு செய்யும் சிகிச்சையைக் குறிக்கின்றோம். நகரங்களில் இதனைக் 'கவுன்சலிங்' என்றும் 'தெரபி' என்றும் வழங்குவர். நாம் உரையாடற் சிகிச்சை என்று சொல்லிக்கொள்வோம்.

ஊரில் இருந்த காலத்தில் நமக்கு இது தேவைப்படவில்லையே எனச் சிலர் எண்ணக்கூடும். தேவைப்பட்டதுதான், ஆயினும் பாரத்தை இறக்கி வைக்கச் சில இடங்கள் இருந்தன. திண்ணையில் ஒரு பெரியப்பா, குளத்தங்கரையில் ஒரு தோழி, கோயிலிலிருந்து திரும்பும் வழியில் பழைய வாத்தியார் என்று யாரேனும் முகவாட்டத்தைக் கண்டு "என்ன விஷயம்?" என்று கேட்டார்கள். கேட்டவர் எல்லாரும் செவ்வனே கேட்டார்கள் என்பதற்கில்லை. பாதிப்பேர் மறுநாளே தெருவெங்கும் சொல்லியும் விட்டார்கள். எனினும் கேட்டார்கள். டில்லியிலோ புணேயிலோ ஜாம்ஷெட்பூரிலோ மூன்றாம் மாடியில் குடியிருக்கும் நம்மை அவ்வாறு கேட்பவர் அரியர். தொலைபேசி இருக்கிறது, இப்பொழுது முகம் பார்த்தே பேசலாம் என்பது மெய். ஆனால் அம்மாவிடம் நாம் தொலைபேசியில் சொல்வது யாது? "நன்றாக இருக்கிறோம். சாப்பிட்டாயிற்று." அவ்வளவுதானே!

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஆமதாபாத்தில் மணிநகர்ப் பகுதியில் குடியிருந்து, ஒரு துணி ஆலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர், திருநெல்வேலிப் பக்கத்தவர், வயது 42, வீட்டிற்கு மூத்த மகன். தந்தையார் இறந்த செய்தி நள்ளிரவில் வந்தது. விமானம் பிடித்து, பின்னர் வாடகைக் கார் பிடித்து அவர் வாசலை அடைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கடுங்கோடை, உறவினர் காத்திருக்க இயலவில்லை, தம்பியே கொள்ளி வைத்துவிட்டார். காரியங்களை முடித்துத் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கணக்கில் அற்பப் பிழைகள் நேர்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் செல்வதை நிறுத்திவிட்டார். தம்பியுடன் பேச்சு நின்றுபோயிற்று. வயிற்றெரிச்சலுக்கு மட்டும் மருந்து உட்கொள்கிறார். இத்தகையவருக்குப் பேச்சு என்ன செய்யக்கூடும்?

இச்சிகிச்சையின் பிறப்பே இதனையொத்த ஒரு துக்கத்தோடு பிணைந்தது என்பது பலர் அறியாத செய்தி. 1880-ஆம் ஆண்டில் வியன்னா நகரில் பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற இளம் பெண்மணி, நோயுற்ற தந்தைக்கு இரவு பகலாகப் பணிவிடை செய்து வந்தார். செய்துவருகையில் தாமே நோயில் வீழ்ந்தார். கை கால் மரத்துப் போயிற்று, பார்வை தடுமாறிற்று. வினோதம் யாதெனில், தாய்மொழியாகிய ஜெர்மன் அவர் நாவை விட்டு அகன்றது. நெடுநாள் ஆங்கிலத்திலேயே பேசிவந்தார். 1881-இல் தந்தை மறைந்தார். யோசேப் பிராயர் எனும் வைத்தியர் மாலை வேளைகளில் வந்தமர்ந்து அப்பெண்மணி சொல்வதையெல்லாம் கேட்டார். சொல்லி முடித்த பின்னர் அவர் அமைதி அடைந்தார். தமக்கு நிகழ்வது இன்னதென்று கண்டு, 'பேச்சுச் சிகிச்சை' என்று ஆங்கிலத்தில் பெயரிட்டவரும் அந்நோயாளியே. வேடிக்கையாகப் 'புகைபோக்கி பெருக்குதல்' என்றும் சொன்னார். 1895-இல் பிராயரும் அவருடைய இளைய நண்பர் சிக்மண்ட் ஃபிராய்டும் வெளியிட்ட நூலில் இவ்வரலாறு மாற்றுப் பெயரில் இடம்பெற்றது.

நூலைப் படிப்பவர் அவர் முற்றும் குணமடைந்ததாகவே கருதுவர். உண்மை அதுவன்று. 1882-இல் பிராயரின் சிகிச்சை முடிந்த பின்னரும் அவர் மருத்துவ விடுதிகளில் தங்க நேர்ந்தது. பல்லாண்டு கழித்து அவரே பெண்கள் நலனுக்கு உழைத்த பேர்பெற்ற சமூகத் தொண்டராகி, 1904-இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினார். பேச்சு ஓரிரு நாளில் மாயம் புரியும் என்று நம்பிச் செல்வோர் இந்த முதற்கதையை நினைவிற் கொள்ளுதல் நலம்.

இது மேனாட்டுச் சரக்கு, நமக்கு ஒவ்வாது என்று சொல்வாரும் உளர். அவர்களுக்கு ஒரு செய்தி: கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்ற வைத்தியர் 1922-ஆம் ஆண்டிலேயே தம் பார்சிபாகான் சந்து வீட்டில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். ஃபிராய்டுடன் நெடுங்காலம் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. தம்மிடம் வந்த நோயாளிகளிடம் கண்டதைக் கொண்டு ஃபிராய்டின் கருத்துக்கள் சிலவற்றை மறுக்கவும் தயங்கவில்லை. ஆக, இந்நாட்டில் இதற்கு நூறாண்டு வயது ஆகிவிட்டது.

சாய்வு மஞ்சத்தில் படுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பேசும் அப்பழைய முறை இன்றும் சில இடங்களில் உண்டு. ஆனால் இன்று நம்மவர் பெரும்பாலோர்க்குக் கிடைப்பது சுருங்கிய முறைகளே. அவற்றுள் ஒன்றுக்கு வழி திறந்தவர் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரின் ஆரன் பெக். ஃபிராய்டின் முறையில் பயின்ற அவர், 1960-களில் ஒன்றைக் கவனித்தார். மனம் சோர்ந்தவர் வாய்விட்டுப் பேசும் பேச்சுக்கு அடியில் மற்றொரு பேச்சு விரைந்து ஓடுகிறது. அது தம்மைத் தாமே இகழும் பேச்சு. ஓடுவதை அவரே அறியார். அதனை மேலே கொணர்ந்து, நிறுத்தி, மெய்யோ பொய்யோ என்று சோதித்தால் சோர்வு தளர்கிறது என்பது அவர் கண்ட உண்மை.

நம் கணக்கரிடம் திரும்புவோம். அவர் முதலில் சொல்வது "தூக்கம் வரவில்லை" என்பது. அதன் அடியில் ஓடுவது, "அப்பா என்னைத் தேடியிருப்பார், நான் மகனாயிருக்கத் தகுதியற்றவன்" என்பது. நண்பர் ஒருவரிடம் இதனைச் சொன்னால், "அப்படியெல்லாம் நினைக்காதீர்கள், விதி" என்று ஒரே சொல்லில் மூடிவிடுவார். அன்பினால்தான் மூடுகிறார், ஆயினும் மூடிவிடுகிறார். பயின்ற உளவியலாளர் அங்ஙனம் செய்வதில்லை. கேள்விகள் கேட்கிறார். அப்பா தேடினார் என்று யார் சொன்னார்கள்? செய்தி வந்த நேரம் யாது, அடுத்த விமானம் எப்போது? இதே நிலையில் உங்கள் அலுவலக நண்பர் இருந்தால் அவரைத் தகுதியற்றவர் என்பீர்களா? இறுதி நேரத்தைக் குறித்துத் தம்பியிடம் கேட்டீர்களா? கடைசிக் கேள்வியில் கணக்கர் திகைத்துப்போகிறார். எட்டு மாதமாக அவர் அதைக் கேட்கவேயில்லை. விடை தெரிந்துவிடுமோ என்று அஞ்சித் தம்பியைத் தவிர்த்தார். யாரேனும் விசாரித்துவிடுவரோ என்று கோயிலைத் தவிர்த்தார். ஒவ்வொரு தவிர்ப்பும் அன்றைய பொழுதுக்கு ஆறுதல் தந்தது. மறுநாளைக் கொஞ்சம் கூடுதலாகக் கனக்கச் செய்தது. இந்தச் சுழலைத் தாமே கண்டுகொள்வது சிகிச்சையின் ஒரு பாதி. மறு பாதி அமர்வுக்கு வெளியே நிகழ்வது. வரும் ஞாயிறன்று கோயிலுக்குப் போய்ப் பத்து நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள், நெஞ்சில் எழுந்ததை ஒரு தாளில் குறித்து வாருங்கள் என்பன போன்ற சிறு வேலைகளை இருவரும் பேசி ஏற்படுத்திக்கொள்வர். வேலை செய்யாமல் வாரந்தோறும் வந்து பேசிவிட்டு மட்டும் போகிறவர்க்கு, இவ்வகைச் சிகிச்சையில், பயன் குறைவு.

இவ்விடத்தில் மொழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். வெளி மாநிலத் தமிழர்க்கு இதுவே தலையாய செய்தி என்று நாம் கருதுகின்றோம். நம் கணக்கர் ஆலையில் குஜராத்தியும் ஹிந்தியும் சரளமாகப் பேசுவார். தந்தையின் மறைவை ஆங்கிலத்தில் ஒரு விடுப்பு விண்ணப்பம் போலச் சொல்லிவிடுவார், குரல் நடுங்காது. "கொள்ளி வைக்கப் போய்ச் சேரவில்லை" என்று தமிழில் சொல்லத் தொடங்கினாலோ நான்காம் சொல்லில் தொண்டை அடைத்துவிடுகிறது. அடைக்கும் அந்த இடத்தில்தான் சிகிச்சை நடைபெற வேண்டும். ஆதலின், எம்மொழியில் நாம் சண்டையிடுகிறோமோ, எம்மொழியில் அழுகிறோமோ, அம்மொழி அறிந்த ஒருவரைத் தேடுவது வீண் பிடிவாதம் ஆகாது. இதற்கு மறுபக்கமும் உண்டு. சிலர்க்குத் தமிழில் நா எழாத செய்திகள், தாம்பத்தியம் பற்றியவை போன்றவை, ஆங்கிலத்தில் எளிதில் வந்துவிடுகின்றன. சுடாத மொழியில் தொடங்கிச் சுடும் மொழிக்கு வருவதும் ஒரு வழியே. இரு மொழியையும் கலந்து பேசுவதைச் சிகிச்சையாளர் குறையாகக் கொள்ளமாட்டார்.

நம் இல்லத்துப் பெண்களின் நிலை இன்னும் கடினமானது. கணவர் அலுவலகத்தில் புதுமொழியைக் கற்றுக்கொள்கிறார். மனைவிக்குக் கிடைப்பது காய்கறிக் கடைக்குப் போதுமான அளவு. அவர் சோர்வுற்றால் கணவரே அழைத்துச் சென்று, நடுவே அமர்ந்து, அவர் சொல்வதை மொழிபெயர்க்கிறார். இதைக் கூடுமானவரை தவிர்க்கவேண்டும் என்போம். கணவரைக் குறித்தோ மாமியாரைக் குறித்தோ சொல்லவேண்டியிருந்தால் அந்த அம்மாள் யார் வாயிலாகச் சொல்வார்? இன்று சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் சிகிச்சையாளரிடம் தொலைபேசி அல்லது காணொளி வாயிலாகப் பேசும் வசதி வந்துவிட்டது. ஒற்றை அறை வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ள இடமில்லை என்பதுதான் இடர். மொட்டைமாடியிலும், பூங்காவின் ஓரத்துப் பெஞ்சியிலும், பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற வேளையிலும் பேசிக்கொள்வோர் உண்டு. அந்த முக்கால் மணி நேரம் வீட்டார் வெளியே சென்றுவருவது அவர்கள் செய்யக்கூடிய பேருதவி.

இனி, முதல் நாள் எதிர்பார்க்க வேண்டியவை. அமர்வு பெரும்பாலும் 45 அல்லது 50 நிமிஷம். வாரம் ஒரு முறை. முதல் நாள் கேள்விகளே மிகுதி: தூக்கம், உணவு, குடிப்பழக்கம், வேலை, குடும்பம், முந்திய நோய்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்றும் நேரடியாகக் கேட்பார். திடுக்கிட வேண்டா; எல்லாரிடமும் கேட்பதே. அவ்வாறு கேட்பதனால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது. எதையும் மறைத்துவைக்க உங்களுக்கு உரிமை உண்டு. சொல்ல மனம் வரும் நாளில் சொல்லலாம். நீங்கள் பேச்சை நிறுத்தினால் அவரும் சும்மா இருப்பார். அம்மௌனம் நம்மவர்க்குப் பெரும் சங்கடம். விருந்தினர் முன் பேச்சற்று இருப்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் அல்லவா நாம்! சில அமர்வுகளில் அது பழகிவிடும்.

மற்றொரு ஏமாற்றத்துக்கும் முன்னதாகவே ஆயத்தமாயிருத்தல் நன்று. "வேலையை விடட்டுமா? ஊரோடு போய்விடட்டுமா?" என்று கேட்டால் அவர் ஆம் என்றோ இல்லை என்றோ தீர்ப்புக் கூறமாட்டார். கட்டணம் கொடுத்தும் யோசனை கிடைக்கவில்லையே என்று பலர் இரண்டாம் வாரத்தோடு நின்றுவிடுகின்றனர். பெரியவர் ஒருவர் வழி சொல்ல, சிறியவர் கேட்டு நடக்கும் மரபில் வந்த நமக்கு இது மனக்குறைவாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் அவர் சொல்லும் முடிவோடு ஊருக்குத் திரும்பி வாழப்போவது நாம்தாமே. மூன்றாம், நான்காம் வாரத்தில் துன்பம் சற்று ஏறினாற்போலத் தோன்றுவதும் உண்டு. மூடி வைத்ததைத் திறந்தால் அங்ஙனம் நேரும். அதை அவரிடமே சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் நின்றுவிடலாகாது. ஆறு அமர்வு கடந்தும் சிறிதும் அசைவில்லை என்றாலும் சொல்லலாம், முறையை மாற்றச் சொல்லிக் கேட்கலாம், ஆளை மாற்றிக்கொள்ளலாம். இதில் நன்றி கெட்டதனம் ஏதும் இல்லை.

இதெல்லாம் பலன் தரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டா? உண்டு. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடைபெற்ற ஓர் ஆய்வு 2017-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. கடும் மனச்சோர்வு கொண்ட 495 பேர் அதில் பங்கு பெற்றனர். ஒரு பாதியினர்க்கு நிலையத்தின் கவனிப்பு மட்டும். மறு பாதியினர்க்கு அதனோடு 6 முதல் 8 உரையாடல் அமர்வுகள். பேசியவர்கள் வைத்தியரோ உளவியல் பட்டதாரிகளோ அல்லர். இதற்கெனப் பயிற்றுவிக்கப்பட்ட உள்ளூர்க்காரர். சோர்ந்தவரைச் சிறு சிறு செயல்களில் மீண்டும் இறங்கச் செய்வதே முறையின் உயிர்நாடி. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, கவனிப்பு மட்டும் பெற்றவருள் 100-க்கு 39 பேரும், அமர்வும் பெற்றவருள் 100-க்கு 64 பேரும் நோயினின்று மீண்டிருந்தனர். இவ்வெண்களை இரு திசையிலும் படிக்கவேண்டும். பேச்சு பலருக்கு உதவிற்று. 36 பேர்க்கு அந்த மூன்று மாதத்தில் அது போதவில்லை.

போதாத இடங்களையும் சொல்லிவிடுவோம். காதில் குரல்கள் கேட்பது, இல்லாத பகையைக் கண்டு அஞ்சுவது, நாட்கணக்கில் உறக்கமின்றிப் பெருங்கிளர்ச்சியில் திரிவது போன்றவற்றுக்கு மனநல மருத்துவரும் மருந்தும் முதலில் வேண்டும். உரையாடல் பின்னர்த் துணையாகச் சேரும். கடும் மனச்சோர்வுக்கும் மருந்தும் பேச்சும் சேர்ந்தே நடப்பது உண்டு. நடுவில் நன்றாயிருக்கிறதென்று மருந்தைத் தாமாக நிறுத்துவது தவறு. கட்டுப்படியாகாத வாடகையையும் கைநீட்டும் கணவரையும் எந்த உரையாடலும் மாற்றிவிடாது. அடிபடும் ஒருவருக்கு வேண்டியது முதற்கண் பாதுகாப்பு. பொறுத்துப்போகும் பயிற்சி அன்று.

யாரிடம் செல்வது? மருத்துவ உளவியலாளர் இந்தியப் புனர்வாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்கலாம். கேட்பது அவமதிப்பு ஆகாது. வாசற்பலகையை மட்டும் நம்பலாகாது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவில் செலவு மிகக் குறைவு. கூட்டமும் நேரக்குறைவும் அங்கே உண்டு. இரகசியத்தைப் பொறுத்தவரை, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் செய்திகளைக் காக்கும் கடமையைச் சிகிச்சை செய்வோர் மீது சுமத்துகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில விலக்குகள் உண்டு. அவை யாவை என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளலாம். நம் சங்கங்கள் சிறியவை. ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். தமிழ் அறிந்த சிகிச்சையாளர் பொங்கல் விழாவில் நம் பக்கத்து இருக்கைக்காரராக இருந்தால் தயக்கம் வரும். அந்நிலையில் வேற்றூர்க்காரரைத் தொலைபேசியில் நாடுவதே இருவர்க்கும் நலம்.

எங்கே தொடங்குவதென்று தெரியாதவர்க்கு, 2022 அக்டோபர் 10 முதல் நடைபெறும் டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் இயங்குகிறது, பேசும் மொழியைத் தேர்ந்துகொள்ளும் வசதியும் உண்டு. நம் வீட்டில் ஒருவர் சாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அதை மிரட்டல் என்று தள்ளாமல், அவரைத் தனியே விடாமல், அன்றே இந்த எண்ணையோ அருகிலுள்ள ஆஸ்பத்திரியையோ நாடவேண்டும்.

நம் கணக்கரைப் போன்றவர்க்கு இத்தகைய சிகிச்சை எட்டு, பத்து அமர்வுகள் நடைபெறலாம். ஏழாம் வார அளவில் அவர் தம்பியை அழைத்து, அந்த நாளை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்கக்கூடும். தம்பி சொல்வதில் ஆறுதலும் இருக்கும், வலியும் இருக்கும். அப்பா ஒரு முறை பெரியவன் பெயரைச் சொன்னார் என்பதும் அதில் இருக்கலாம். அதைக் கேட்டுவிட்டு மறுவாரம் அவர் வந்து அமர்வார். பின்னர் அமர்வுகள் இரு வாரத்துக்கு ஒன்றாகி, மாதத்துக்கு ஒன்றாகி நிற்கும். நிறுத்துமுன் இருவரும் நாட்காட்டியைப் பார்த்து, தந்தையின் ஆண்டுத் திதிக்கு முந்திய வாரத்தில் ஓர் அமர்வைக் குறித்து வைத்துக்கொள்வார்கள்.